ஆடிக்காற்றில் ஒரு நீரூற்று

எங்கள் பக்கத்தில் சிலை வைப்பது எளிது. வைத்த பிறகுதான் வேலை. சிலைக்குக் கம்பிக்கூண்டு போட வேண்டும். கூண்டுக்குக் காவல் போட வேண்டும். காவலுக்கு வருகிறவர் வெயிலில் நிற்க முடியாது, அவருக்கொரு கொட்டகை போட வேண்டும். மாலை போடுகிற நாளில் பஸ் ஓடாது. இதெல்லாம் தெரிந்தவர்கள் எங்கள் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் இருந்தார்கள். ஆகவே, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில் விரிவு வளாகம் கட்டத் தொடங்கியதும், வளாகத்துக்குள் எந்த மனிதருக்கும், அவர் எத்தனை பெரியவராக இருந்தாலும், சிலை கிடையாது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அந்தக் குழு ஒருமனதாகச் செய்த காரியம், எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

எண்பதுகளின் நடுவில் நான் அங்கே அலுவலகக் கண்காணிப்பாளர். ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை ஏற்றுக்கொள்ளப் பலருக்குக் கொஞ்சம் காலம் பிடித்தது. விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள் என்று பின்னால் பேசுவார்கள். முன்னால் வந்து சந்தேகம் கேட்பார்கள். இரண்டையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

தீர்மானத்தின் மை காய்வதற்குள் அருப்புக்கோட்டை எண்ணெய் ஆலை முதலாளி ஒருவர் வந்தார். காலமான தம் தகப்பனாருக்கு வளாக வாசலில் வெண்கலச் சிலை வைக்க வேண்டும், தோளில் துண்டோடு. செலவு அவருடையது. துணைவேந்தரால் சிலையை ஏற்கவும் முடியாது, செலவை மறுக்கவும் மனம் வராது. அவர் வெளிநாட்டில் படித்தவர். அங்கே ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் பார்த்த நீரூற்று அப்போது அவருக்கு நினைவு வந்தது. யாரைப் போலவும் இல்லாத ஓர் உருவம், அதிலிருந்து தண்ணீர், அடியில் தகப்பனார் பெயருக்கு ஒரு கல்வெட்டு.

"எங்கப்பாரு மாதிரி இருக்க வேணாம்னுட்டீக. சரி. வேற யாரு மாதிரியாச்சும் இருந்துறாமப் பாத்துக்கோங்க" என்றார் முதலாளி.

நவீன சிற்பக் கலை எங்கள் தாலுகாவுக்குள் நுழைந்த விதம் இதுதான்.

சிற்பி வீரசோழன் என்கிற பக்கத்து ஊரைச் சேர்ந்தவன். மெட்ராஸில் கலைக்கல்லூரியில் படித்துவிட்டுத் திரும்பியிருந்தான். முஸ்லிம் குடும்பம், தகப்பனாருக்கு ஊரில் ஜவுளிக்கடை. "உருவம் செய்யக்கூடாதுன்னு எங்க வீட்டுல சொல்றாக. உருவமே வேணாம்னு உங்க ஆபீஸ்ல சொல்றாக. எனக்கு இதைவிட நல்ல எடம் கிடைக்காது மேடம்" என்று சிரித்தான். அவன் வரைந்து கொண்டுவந்த படத்தில் உயரமான இரண்டு வளைந்த சுவர்கள் ஒன்றை ஒன்று தொடாமல் சாய்ந்து நின்றன. கான்கிரீட்டில் வார்த்து, கருங்கல் சில்லு பதித்துத் தேய்ப்பதாகத் திட்டம். இரண்டின் உச்சியிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சி அடித்து வானத்தில் பிரிந்து விழும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் யாரைப் போலவும் இல்லை என்று சான்றளிக்க என்னால் முடிந்தது. கேட்டதும் அவ்வளவுதானே.

வேலை பாதி நடக்கும்போது அவன் தகப்பனார் என் அறைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பயணப் பை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"யம்மா, இது வேலையா, வெளையாட்டா? எனக்கு வெளங்குற மாதிரி நீங்க சொல்லுங்க."

"வேலைதான். ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்."

"இது முடிஞ்சா அடுத்து?"

அதற்கு என்னிடம் விதி இல்லை.

"அவுக மாமா துபாயில கடை வச்சிருக்காக. விசா வந்திருச்சு. இவன் இந்தச் சிமெண்டு வேலை முடியட்டும், முடியட்டும்ங்கான். நானும் ஒரு பேச்சு சொல்லிட்டேன். தெறப்பு விழாவுக்கு நான் வருவேன். தண்ணி ஒழுங்கா விழணும். விழுந்துச்சுன்னா அவன் இஷ்டத்துக்கு இருந்துக்கட்டும், நான் வாயத் தெறக்கல. விழலேன்னா அடுத்த வாரம் ஏரோப்ளேன் ஏறணும். சரின்னுட்டான்."

என்ன செய்ய வேண்டும், எதற்குள் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருந்தன. எங்கள் பொறியியல் பிரிவு எழுதிய எந்த ஒப்பந்தமும் அத்தனை தெளிவாக இருந்ததில்லை.

நீரூற்று என்றால் தண்ணீர் வேண்டும் என்பது துணைவேந்தரின் கனவில் விட்டுப்போன பகுதி. வளாகத்து ஆழ்துளைக் கிணறு கோடையில் காற்றைத்தான் கொடுக்கும். ஆகவே நீரூற்றின் தொட்டியை நிரப்பத் தண்ணீர் லாரி வரவழைத்தோம். லாரி வாசலுக்குள் திரும்புவதற்கு முன்பே தொட்டியைச் சுற்றிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. பின்பக்கத்துக் காலனியிலிருந்து எங்கள் கட்டட வேலைக்குச் சித்தாளாக வந்த பெண்களுடையவை. எங்கள் பக்கத்தில் லாரியின் சத்தம் கேட்டதும் குடம் வைத்து இடம் பிடிப்பது பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். அந்தத் தொட்டி எதற்கு என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை. தொட்டி என்றால் குடிக்கத்தான்.

நான் போய் விளக்க வேண்டியதாயிற்று. அவர்களில் மூத்தவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

"யம்மா, இது குடிக்க இல்லேன்னா எதுக்கு?"

"நீரூற்றுக்கு. தண்ணீர் மேலே போகும்."

"போயி?"

"கீழே விழும்."

"விழுந்து?"

"திரும்ப மேலே போகும்."

அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீகளாடி. வானத்துக்குத் தண்ணி ஊத்துறாகளாம். நம்ம குடத்துல ஊத்துனா வீணாப் போயிருமாம்."

நான் அறைக்குத் திரும்பி கட்டட ஒப்பந்தத்தை எடுத்துப் பல்கலைக்கழகப் பொறியாளர் முன்னால் வைத்தேன். கட்டடம் நடக்கும் இடத்தில் வேலையாட்களுக்குக் குடிநீர் கொடுப்பது ஒப்பந்தக்காரரின் கடமை. எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிற நிபந்தனை அது. யாரும் படிப்பதில்லை. பொறியாளர் அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"வேலையாளுக்குத்தான மேடம். ஊருக்கா?"

"ஊரே உங்களிடம்தானே சித்தாளாக இருக்கிறது."

மறுநாள் மதில் ஓரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டியும் அதில் ஒரு குழாயும் வந்தன. லாரி முதலில் அங்கே ஊற்றும், பிறகு நீரூற்றுக்கு. கோப்பில் அதைத் 'தற்காலிக ஏற்பாடு' என்று எழுதினேன். தொண்ணூறுகளில் நான் மாற்றலாகிப் போனபோதும் அது தற்காலிகமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஆடி பாதியில் சோதனை ஓட்டம். பொறியாளர் ஜீப்பை அருகிலேயே நிறுத்திவிட்டு வந்து பொத்தானை அழுத்தினார். தண்ணீர் எழுந்தது. உண்மையிலேயே அழகாக எழுந்தது. எழுந்ததைக் காற்று அப்படியே வாங்கிக்கொண்டது. கரிசல் காட்டில் தடுக்க ஒன்றுமில்லாமல் ஓடிவருகிற ஆடிக்காற்று, அதற்கு இப்படியொரு விருந்து அதுவரை கிடைத்ததில்லை. தொட்டிக்குள் ஒரு வாளித் தண்ணீர்கூடத் திரும்பி விழவில்லை. ஜீப் நனைந்தது, பொறியாளரின் கண்ணாடி நனைந்தது, வேலிக்கு அப்பால் சீமைக்கருவேல நிழலில் நின்ற ஆடுகள் நனைந்து ஓடின. சாலையில் எம்.ரெட்டியபட்டி பஸ் போனது. ஜன்னலோரம் இருந்தவர்கள் கையை வெளியே நீட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அன்று எங்கள் நீரூற்றை மனமாரப் பாராட்டியவர்கள் அவர்கள் மட்டுமே. டீ வந்து சேர்வதற்குள் தொட்டி வற்றிவிட்டது.

ஆடிக்காற்று எப்படி இருக்கும் என்று வீரசோழனில் பிறந்தவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஊரில் தெரிந்துகொண்டதைப் படிக்கப் போன இடத்தில் கழற்றி வைத்துவிட்டு வருவதற்குத்தான் பட்டம் கொடுக்கிறார்கள். எனக்கும் இரண்டு பட்டங்கள் உண்டு, ஆகையால் நான் அவனைக் குறை சொல்லவில்லை.

பொறியாளர் குறை சொன்னார். திறப்பு விழா ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் என்று முடிவாகியிருந்தது. காற்று பஞ்சாங்கம் பார்த்து நிற்காது. நாளைத் தள்ளவும் முடியாது, துணைவேந்தரின் பதவிக்காலம் முடியப்போகிறது.

"இதை எடுத்துரலாம் மேடம். நாலு அன்னம் வச்சிருவோம். என்கிட்ட அச்சு இருக்கு. அன்னத்து வாய்லேருந்து சன்னமா ஒழுகுற மாதிரி விட்டா காத்து ஒண்ணும் செய்யாது."

"அன்னத்துக்கு ஜலதோஷமா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அன்னங்கள் அவர் மனதில் ஏற்கெனவே நீந்திக்கொண்டிருந்தன. எண்ணெய் ஆலை முதலாளியும் அவர் பக்கம் சாய்ந்தார். "தண்ணி நிக்கலேன்னா எங்கப்பாரு பேரு கெட்டுப்போகும். அன்னமோ ஆமையோ, எதையாச்சும் வையிங்க."

சிற்பி அங்கிருந்து நகர்ந்துவிட்டான். மதில் ஓரத்தில், குடிநீர்க் குழாய்க்கு எதிரில், ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று, பெட்டிகூட வாங்கியாயிற்று என்று எனக்குச் சொல்லியிருந்தான். மாலையில் நான் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அவனிடம் போனேன். ஆறுதல் சொல்வது எனக்கு வராது. அன்னங்கள் வைக்க வேண்டுமானால் கட்டடக் குழு கூடியாக வேண்டும், கூடுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அது என் வகை ஆறுதல்.

குழாயடியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தண்ணீர் பிடிக்கிற விதமே தனி. குறைகுடம் தூக்கக்கூடாது, ததும்பத் ததும்ப நிறைய வேண்டும். ததும்புவது மண்ணுக்கும் போகக்கூடாது. ஆகவே சாந்துச் சட்டிக்குள் குடத்தை நிறுத்திப் பிடிப்பார்கள். வழிவது சட்டியில் சேரும். அது அடுத்த பாத்திரத்துக்கு.

இருவர் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குழாய் ஒன்றுதான், மற்றவள் தொட்டியிலிருந்து செம்பால் மொண்டு ஊற்றினாள். ஒன்று பித்தளைக் குடம், மற்றது பிளாஸ்டிக். இரண்டும் நிறைந்து வழிந்தன. காற்று அடித்தது. பித்தளைக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்.

"ஏண்டி, உன் பிளாஸ்டிக்கை அங்கிட்டுத் தள்ளி வையி. என் மேலெல்லாம் தெறிக்குது."

"ஏன், உன் குடமும்தான் வழியுது. அது தெறிக்கலயாக்கும்?"

"எங்க தெறிக்குது? பாரு. எங்க அம்மா குடுத்த குடம்டி இது. ஒழுக்கமா வழியும்."

சிற்பி எழுந்துவிட்டான். குடங்களுக்கு முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். நானும் குனிந்து பார்த்தேன். பிளாஸ்டிக் குடத்தின் விளிம்பு கத்தி போல வெட்டி நின்றது. தண்ணீர் அங்கே குடத்தை விட்டுப் பிரிந்தது, பிரிந்ததைக் காற்று தூக்கிப் போனது. பித்தளைக் குடத்தின் வாய் உருண்டு மடிந்திருந்தது. தண்ணீர் அந்த உருட்டில் புரண்டு, கழுத்தைத் தழுவி, வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இறங்கிச் சட்டியில் சேர்ந்தது. காற்று அதன்மேல் நெளிவு போட்டுப் பார்த்தது, பிரிக்க முடியவில்லை.

"அக்கா, இந்தக் குடத்தைக் கொஞ்சம் குடுங்க. பாத்துட்டுத் தாரேன்."

"குடத்துல என்னத்தப் பாக்கப் போற? பொண்ணா பாக்குற?"

"விளிம்பு பாக்கணும்."

"விளிம்பு பாக்குறானாம். சீர் எம்புட்டு கேக்கப்போறான்னு கேளுங்கடி."

அவன் காதில் அது விழவில்லை. கட்டை விரலால் குடத்தின் வாயைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் சொன்னான்: "மேடம், நான் தண்ணியக் கல்லை விட்டுப் பிரிச்சேன். அதான் காத்து எடுத்துக்கிருச்சு. பிரிக்கவே கூடாது."

திட்டம் எளிது. பீய்ச்சும் குழாய்களைக் கழற்றிவிட வேண்டும். சுவர்களின் உச்சியில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் குடைய வேண்டும். விளிம்பை உளியால் செதுக்கிக் குடத்து வாயைப் போல உருட்ட வேண்டும். பள்ளம் நிறைந்து தண்ணீர் தானாக வழிந்து, வளைவோடு ஒட்டி இறங்கும்.

மறுநாள் காலையில் பொறியாளர் ஒரே சொல்லில் முடித்தார். "வடிவ மாற்றம். கட்டடக் குழு ஒப்புதல் வேணும். குழு ஆவணிக் கடைசியில கூடுது. விழா ஆவணி முதல்ல."

வாழ்க்கையில் சில நாட்களுக்காகத்தான் நாம் பல வருடம் படிக்கிறோம். அது என் நாள்.

"பணி நிறைவுச் சான்று கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"எப்படிக் குடுக்க? தண்ணிதான் நிக்கலயே."

"அப்படியானால் வேலை முடியவில்லை. முடியாத வேலையில் சோதனையின்போது குறை தெரிந்தால், அதைச் சொந்தச் செலவில் சரிசெய்வது வேலை எடுத்தவர் கடமை. செய்ய விடுவது உங்கள் கடமை. குழுவுக்கு இதில் வேலை இல்லை. சுவர் அதே சுவர், இடம் அதே இடம். அன்னம் வைப்பதுதான் வடிவ மாற்றம். அதற்குத்தான் குழு கூட வேண்டும்."

"என்னால அனுமதிக்க முடியாது மேடம்."

"பரவாயில்லை. குறையைச் சரிசெய்ய முன்வந்தவரைத் தடுத்தேன் என்று எழுத்தில் கொடுங்கள். காரணத்தோடு. நான் துணைவேந்தர் பார்வைக்கு வைக்கிறேன்."

அரசு உலகத்தில் 'எழுத்தில் கொடுங்கள்' என்பதை விடக் கூர்மையான ஆயுதம் எதையும் நான் கண்டதில்லை. பொறியாளர் பேனாவைத் திறந்தார், பார்த்தார், மூடினார். "என்னமும் செய்யச் சொல்லுங்க. தண்ணி நிக்கலேன்னா பொறுப்பு நான் இல்லை" என்று ஜீப்பில் ஏறிப் போனார். அந்தக் கடைசி வாக்கியத்தையும் எழுத்தில் கேட்டிருக்கலாம். பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

சாரம் கட்டி, சிற்பி உச்சியில் உட்கார்ந்து செதுக்கினான். தலையில் ஈரத்துண்டு. பித்தளைக் குடம் அவன் பக்கத்திலேயே சாரத்தில் கட்டியிருந்தது. அதன் சொந்தக்காரி தினமும் கீழே நின்று விசாரிப்பாள். "ஏப்பா, எங்க குடம் படிச்சு முடிச்சிருச்சா? வீட்டுக்கு எப்ப வரும்?" அவள் அதுவரை மண்பானையில் தண்ணீர் தூக்கினாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தூக்குவதாகச் சொல்லிக் காட்டவும் இல்லை.

விழாவுக்கு முந்தின நாள் லாரி வரவில்லை. மல்லாங்கிணறு பக்கம் பழுதாகி நின்றுவிட்டது. விழா அன்று விடியும்போதுதான் வந்தது. தொட்டியை நிரப்பி ஓட்டிப் பார்த்தோம். தண்ணீர் வழிந்து இறங்கியது, நன்றாகவே இறங்கியது. ஆனால் விடியற்காலையில் எங்கள் ஊரில் காற்று தூங்கும். வெயில் ஏறிய பிறகுதான் எழுந்து வரும். விழாவும் அப்போதுதான். ஆக, உண்மையான சோதனை ஓட்டம் துணைவேந்தர் முன்னிலையில், மேளதாளத்தோடு.

காற்று வந்தது. வரவேற்புப் பதாகையைக் கிழித்தது. பந்தல் துணியை உப்ப வைத்தது. துணைவேந்தரின் உரையில் ஒரு பக்கம் பறந்துபோனது. அவர் அந்தப் பக்கம் இல்லாமலே பேசி முடித்தார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சிற்பியின் தகப்பனார் கடைசி வரிசையில் அதே பயணப் பையோடு உட்கார்ந்திருந்தார். மகன் இன்னொரு மூலையில் நின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

துணைவேந்தர் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பள்ளம் நிறையக் கொஞ்ச நேரமாகும் என்பது சிற்பிக்கும் எனக்கும் தெரியும். கூட்டத்துக்குத் தெரியாது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். பொறியாளர் என்னைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு புன்னகைத்தார்.

அப்புறம் உச்சியில் ஒரு பளபளப்பு. விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் ததும்பி, புரண்டு, இரண்டு சுவர்களையும் தழுவிக்கொண்டு இறங்கியது. கருங்கல் சில்லுகள் நனைந்து கன்னங்கரேலென்று மின்னின. காற்று ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. தண்ணீர் மேலிருந்து கீழ் வரை நெளிந்தது, சிலிர்த்தது, கல்லை விடவில்லை. துணைவேந்தரின் பட்டுச் சட்டையில் ஒரு சொட்டு விழவில்லை. காற்று தலையால் முட்டிப் பார்த்துவிட்டுப் பந்தலைப் பிடித்து ஆட்டப் போய்விட்டது.

கைதட்டல் முன்வரிசையில் தொடங்கவில்லை. மதில் ஓரத்தில் தொடங்கியது. வெற்றிலை வாய்க்காரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "பாருங்கடி. தண்ணியச் சேலையாக் கட்டிக்கிட்டு நிக்குது."

முதலாளி கண்ணைத் திறந்து, கல்வெட்டில் தகப்பனார் பெயருக்கு மேல் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து விசும்பினார். துணைவேந்தர் பொறியாளரின் கையைக் குலுக்கினார். "நம்ம பிரிவு வடிவமைப்புதான் சார்" என்று பொறியாளர் சொன்னது என் காதில் விழுந்தது. வெற்றி பெற்றவர்கள் பக்கம் எப்போதும் இடநெருக்கடி. இருக்கட்டும் என்று விட்டேன். ஆனால் அவர் ஜீப்பில் ஏறுமுன் பணி நிறைவுச் சான்றில் கையெழுத்து வாங்கிவிட்டேன். சந்தோஷத்தில் இருக்கிற அதிகாரியிடம் வாங்க முடிந்ததை மறுநாள் வாங்க முடியாது.

கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்தது. சிற்பியின் தகப்பனார் சாப்பிடப் போகவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நீரூற்றைச் சுற்றி நடந்தார். ஜவுளிக்காரர் துணி பார்க்கிற நடை அது. ஓரிடத்தில் நின்று, ஓடுகிற தண்ணீரைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். காற்று அடிக்கிற பின்பக்கம் போனார், வெகுநேரம் வரவில்லை. மகன் என் பக்கத்தில் வந்து நின்றான். அவன் கைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன.

திரும்பி வந்தவர் மகனிடம் நேராகக் கேட்டார்.

"பின்பக்கம் ஒரு எடத்துல இழை விடுது. பாத்தியா?"

"எங்க, அத்தா?"

"மேல, மூலையில. ஒரு கையகலம். தண்ணி அங்க பிரியுது. காத்து எடுக்குது."

மகன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முகம் வாடியிருந்தது. "ஆமாத்தா. விளிம்பு அங்க சரியா உருளல. செதுக்கணும்."

"எத்தன நாளாகும்?"

"சாரம் மறுபடி கட்டணும். பத்து நாளாவது ஆகும்."

தகப்பனார் கீழே வைத்த பையை எடுத்துத் தூசியைத் தட்டினார்.

"பத்து நாளுன்னா, அப்புறம் எப்படி அடுத்த வாரம் ஏரோப்ளேன் ஏறுவ? இழை விட்ட சரக்க நம்ம கடையில என்னைக்காவது வித்திருக்கமா? சரி பண்ணு. ஒங்க மாமாட்ட நான் சொல்லிக்கிறேன்."

என்னிடம் தலையை அசைத்து விடைபெற்றார். சாலைக்குப் போய், வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து எங்கள் பக்கம் திரும்பி, பஸ் வளைவில் மறைகிற வரையில் அதையே பார்த்துக்கொண்டு போனார்.

மகன் பஸ்ஸைப் பார்க்கவில்லை. உளியைத் தேடிக்கொண்டிருந்தான்.